மரியங்கண்டு மாமியின் கிடாரம்

1

மலர் மாசி மாதம் தபாலில் வந்தது. இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் ஒன்றுகூடல் நடத்தி வெளியிட்ட மலர். வழுவழுப்பான அட்டையில் ஒரு தோணி, ஒரு தென்னை, ஒரு பள்ளி மினாரா. பன்னிரண்டாம் பக்கத்தில் என் மூத்த சகோதரர் ஜுனைதீன் காக்காவின் படம் இருந்தது. கோட்டும் டையும் போட்டிருந்தார். படத்துக்குக் கீழே 'மறக்க முடியாத ஊரும் மணக்கும் பாற்சோறும்' என்று தலைப்பு.

"எங்கள் ஒழுங்கையில் மரியங்கண்டு மாமி என்றொரு தாய் இருந்தார். சூறாவளி நினைவு நாளில் கிடாரம் நிறைய ஆக்கி அவர் அள்ளித் தந்த பாற்சோற்றின் இனிப்பு இன்றும் என் நாவில் நிற்கிறது. அந்தப் பாசமும் ஒற்றுமையும் இன்று எங்கே போயின?" என்று எழுதியிருந்தார்.

எங்கே போயின என்று அவர் கேட்கிறார்.

என் காக்கா அந்தப் பாற்சோற்றை ஒரு நாளும் தின்றதில்லை. மாமி அதை ஆக்கிய முதலிரண்டு வருடமும் அவர் சவூதியில் இருந்தார். மூன்றாம் வருடம் ஊரில் இருந்தார். அந்த வருடம் அதை ஊரில் ஒருவருமே தின்னவில்லை. ஏன் தின்னவில்லை என்று அவர் எழுதவில்லை. மலருக்கு நல்ல நினைவுகள் மட்டும்தான் வேண்டுமாம். அதனால் நான் எழுதுகிறேன்.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பத்திரண்டில் கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தேன். கணவருக்கு பஸ் கராஜில் வேலை. நான் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் பகல் சாப்பாடு பரிமாறுகிறேன். தலையில் வலைத்தொப்பி, கையில் கரண்டி. என்னுடைய ஆங்கிலம் முழுவதும் அந்தக் குசினியில் பொறுக்கியது. எடு, வை, கழுவு, சூடாக இருக்கிறது, கவனம். கடந்த காலத்தில் சொல்ல அங்கே எதுவும் இல்லை. அதனால் கடந்த காலத்துக்குரிய வினைச்சொற்களை நான் படிக்கவேயில்லை.

வியாழக்கிழமைகளில் அரிசியைப் பாலில் குழைத்து, சீனி போட்டுக் கொடுப்பார்கள். தகரத்தில் வருவது. பிள்ளைகள் பாதியைத் தின்று மீதியை வாளியில் கொட்டுவார்கள். கொட்டும்போது ஒரு சத்தம் கேட்கும், தொப்பென்று. அந்தச் சத்தம் கேட்டால் நான் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நிற்பேன். ஏழு வருடமாக இப்படித்தான். ஏன் என்று கணவருக்கும் சொன்னதில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. பிட்டைக் கரண்டியால் தின்கிறாள். ஊர் எது என்று யாராவது கேட்டால் இந்த ஊரின் பெயரைத்தான் சொல்வாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவளிடம் ஊரைப் பற்றி நான்தான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. எதைச் சொல்லத் தொடங்கினாலும் மாமியின் வளவில் போய் முடியும் என்று பயந்தேன்.

3

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. வீதிக்கு அந்தப் பக்கம் வயல், இந்தப் பக்கம் கிடுகு வேலிகள், வேலிகள் முடிகிற இடத்தில் கரைவலைத் தோணிகள். மரியங்கண்டு மாமியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வளவு. சொந்தம் ஒன்றுமில்லை. உம்மாவின் வயதுப் பெண்கள் எல்லாரும் எங்களுக்கு மாமிதான்.

அவரை 'ஒரு தாய்' என்று காக்கா எழுதியது மாமிக்குத் தெரிந்தால் சிரித்திருப்பார். அவ்வளவு பொல்லாத வாய். காலையில் இடியப்பமும் பாலப்பமும் விற்பார். கலியாண வீடுகளுக்கு நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் ஆக்குவார். நோன்பு முப்பது நாளும் பள்ளியில் காய்ச்சும் கஞ்சிக்கு உப்பும் பதமும் அவர் பார்த்துச் சொன்னால்தான் இறக்குவார்கள். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் வாப்பா ருசி பார்க்கக் கையை விட்டபோது, அகப்பைக் காம்பால் ஒன்று போட்டார். "ஒங்கட ஊட்டுச் சட்டிய நக்குங்க. என்ட கிடாரத்துல கை வெக்காதீங்க" என்றார். நிறைந்துவிட்டால் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றாலும் தூக்க முடியாத செப்புக் கிடாரம் அது. அவருடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது.

கணவர் மேசனாக இருந்தவர். வீட்டின் ஒரு அறைக்கு மட்டும் கொங்கிறீட் தட்டுப் போட்டு முடித்த வருடம் காய்ச்சலில் மௌத்தானார். மிச்ச வீடு கிடுகு. ஒரே மகள் பௌசியா. என்னோடு ஒரே வகுப்பு.

எழுபத்தெட்டுச் சூறாவளியின்போது எனக்குப் பதினேழு வயது. அசர் தொழுகைக்குப் பிறகு, பின்நேரம், காற்று மாறியது. கடல் இரைந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கதைத்தது கேட்கவில்லை. மாமி வீடு வீடாக வந்தார். எங்கள் வாசலில் நின்று வாப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஓடு பறக்கப் போகுது. பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா? புள்ளையளத் தாங்க."

மாமியின் பத்தடி கொங்கிறீட் அறைக்குள் இருபத்துமூன்று பேர் இருந்தோம். காக்காவின் மனைவியும் வந்திருந்தார். கைக்குழந்தை நஸ்ரினுக்கு அப்போது மூன்று மாதம். காக்கா சவூதிக்குப் போய்விட்டதால் மகளின் முகத்தையே பார்த்திருக்கவில்லை. தென்னை ஒன்று தட்டின் மேல் விழுந்தபோது மதினி மயங்கிவிட்டார். முழங்கால் வரை தண்ணீர் வந்தது. மாமி குழந்தையைத் தன் முந்தானையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சுவரில் முதுகைக் கொடுத்து விடியும் வரை நின்றார். பால் இல்லாமல் அழுத குழந்தைக்குச் சீனித் தண்ணீரில் விரலை நனைத்துக் கொடுத்தார். அந்த நிலையில்தான் அவர் நேர்ச்சை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். சொல் சொல்லாக ஞாபகம்.

"யா அல்லாஹ், இந்தத் தட்டு இடியாம இந்தப் புள்ளையளத் தந்திட்டியெண்டா, வருசா வருசம் ஒரு கிடாரம் பாற்சோறு ஆக்கி ஊர்ப் புள்ளையளுக்குக் குடுப்பன்."

விடிந்து பார்த்தபோது எங்கள் ஒழுங்கையில் கூரையோடு நின்றது அந்த அறை மட்டும்தான்.

4

அடுத்த வருடம் அதே நாளில் மாமி ஆக்கினார். கடற்கரையில் ஒரு பழைய தைக்கா இருந்தது. உள்ளே ஒரு பெரியாரை அடக்கிய கபுறு. முன்பெல்லாம் கந்தூரிச் சோறு ஆக்கிய அடுப்புக்கற்கள் அதன் வளவில் இருந்தன, பூவரச நிழலும் இருந்தது. மாமி அங்கே போனது கல்லுக்காகவும் நிழலுக்காகவும்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அந்தக் கபுறுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

அன்று அறையில் இருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு கொத்து அளந்து பச்சரிசி. எருமைப்பாலை வீரமுனையிலிருந்து கண்மணி அக்கா கொண்டுவந்தார். எங்கள் ஒழுங்கைக்குத் தயிர் விற்க வருகிற தமிழ்ப் பெண். அவரும் சூறாவளியில் மாடுகளை இழந்தவர். "எனக்கும் இதில பங்கு இரிக்கட்டும் மாமி" என்று பாலைச் சும்மா ஊற்றினார்.

அரிசி பாதி வெந்ததும் எருமைப்பால், அது வற்ற வற்றத் தேங்காய்ப்பால், கடைசியில் சர்க்கரையும் ஏலக்காயும் ஒரு கை உப்பும். மாமி கிளறும்போது யாரும் கதைக்கக்கூடாது. சலவாத்துச் சொல்லிக்கொண்டே கிளறுவார். பள்ளி லெப்பை ஒரு பாத்திஹா ஓதுவார். பிறகு பிள்ளைகள் உயரப்படி வரிசையில் நிற்க வேண்டும், சிறியவர்கள் முன்னால். கண்மணி அக்காவோடு வந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதே வரிசையில் நிற்பார்கள். வளர்ந்த ஆண்களுக்குக் கிடையாது. ஒருமுறை மரைக்கார் ஒருவர் சட்டியோடு வந்து நின்றார். "அந்த அறைக்குள்ள நீங்க இரிந்தீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மரைக்கார் என்றால் பள்ளியை நிர்வகிக்கிறவர். அந்தத் துணிச்சலுக்கும் அவர்கள் பிறகு கணக்குத் தீர்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்களுக்குப் பெருநாள் இரண்டு. ஆனால் அந்த இரண்டு வருடமும் பிள்ளைகள் மூன்று என்று எண்ணினார்கள்.

5

காக்கா எண்பத்தொன்றில் திரும்பி வந்தார். கசெட் ரேடியோவும், ஒரு பெட்டி நிறைய மார்க்கப் பயான் கசெட்டுகளும் கொண்டுவந்தார். மார்க்கம் பேசியதற்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கபுறிடம் கேட்காதே, அல்லாஹ்விடம் கேள் என்றார். சரியான பேச்சு. நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவருக்கும் அவரோடு திரிந்த மூன்று பேருக்கும் ஊரில் எதையாவது நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது. சீதனத்தை நிறுத்தியிருக்கலாம். மார்க்கத்தில் அதற்கும் இடமில்லை. அதைப் பற்றி ஒரு கசெட்டும் பேசவில்லை போலும். புருசன் இல்லாத ஒரு பெண்ணின் அடுப்பு அவர்களுக்கு லேசாகக் கிடைத்தது.

தைக்கா வளவில் இனிச் சமைக்கக்கூடாது என்று பள்ளிச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். பௌசியா அதை வாசித்துக் காட்டினாள். மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வளவு அவங்கட. கிடாரம் என்ட. நான் என்ட வளவில ஆக்கிறன்" என்றார்.

இனி நான் சொல்லப்போவது அப்போது ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த வருடத்துச் சூறாவளி நாளன்று காலை நான் எங்கள் குசினியில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். காக்கா உம்மாவைப் பார்க்க வந்தார். எங்கள் வழக்கப்படி கலியாணத்தோடு அவர் மதினியின் வீட்டில்தான் இருந்தார்.

"என்ன புள்ள, இவ்வளவு பச்சரிசி?"

பலகாரத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். வாயில் பொய் வராத வயது என்றும் இல்லை, இருபது வயது.

"மரியங்கண்டு மாமி அவங்கட வளவில ஆக்கிறாங்க காக்கா. அசர் தொழுதாப் பொறகு குடுப்பாங்க."

காக்கா உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

6

அசருக்கு முன்பே நான்கு பேர் மாமியின் வளவுக்குள் வந்தார்கள். கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை போட்டாகிவிட்டது. பிள்ளைகள் வேலியோரம் தட்டுகளோடு நின்றார்கள். நான் அடுப்புக்குப் பத்தடி தள்ளி நின்றேன்.

"மாமி, அடுப்ப அணைங்க" என்றார் காக்கா.

"ஏன்?"

"கபுறுக்கு நேர்ந்த சோறு. இனி இந்த ஊர்ல இது நடக்கப்படாது."

"ஆரு சொன்ன கபுறுக்கெண்டு?" மாமி கிளறுவதை நிறுத்தவில்லை. "நான் அல்லாஹ்வுக்கு நேர்ந்தன். ஒண்ட மகள என்ட நெஞ்சில கட்டிக்கிட்டு நேர்ந்தன். போய் ஒண்ட பொண்டாட்டிக்கிட்டக் கேளு."

காக்காவின் முகம் மாறியது. நான் பார்த்தேன். ஒரு நொடி அவர் திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆனால் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவன் செருமினான். அந்தச் செருமலுக்காகத்தான் என் காக்கா, அடுப்புக்குழி தோண்டிவிட்டு வேலியில் சாத்தி வைத்திருந்த இரும்பு அலவாங்கை எடுத்தார்.

"கடைசியாச் சொல்றன். எறக்குங்க."

"எறக்க மாட்டன்."

அலவாங்கைக் கிடாரத்தின் அடியில் கொடுத்து நெம்பினார். கிடாரம் சாய்ந்தது. மாமி அகப்பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று பிறகு பலர் கேட்டார்கள், பிடித்ததுதான் பிழை என்கிற மாதிரி. அது சாய்ந்த பக்கம் பிள்ளைகள் நின்றார்கள். மாமி தன் பக்கம் இழுத்தார்.

பால் வற்றிச் சேறுபோல் கொதித்த சோறு. ஒட்டினால் விடாது. முழங்கை வரை இரண்டு கையிலும், இடது பாதத்திலும் கொட்டியது. மாமி கத்தவில்லை. "புள்ளையளத் தூரத் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னார், இரண்டு தரம். பிறகு மணலில் உட்கார்ந்தார்.

கண்மணி அக்காதான் ஓடிவந்து அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பௌசியா கார் பிடிக்க வீதிக்கு ஓடினாள். காக்கா அலவாங்கோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை மெதுவாக, இருந்த இடத்திலேயே சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

நான் அசையவே இல்லை.

7

மாமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மரைக்கார்மார் பள்ளியில் கூடி விசாரித்தார்கள். பெண்கள் பள்ளிக் கூட்டத்துக்குப் போக முடியாது. அதனால் விசாரணை எங்கள் வீட்டுக்கு ஒரு தாளாக வந்தது. வாப்பா கொண்டுவந்தார். அழகான கையெழுத்து. 'அடுப்புக்கல் சரியாக இருத்தப்படாத காரணத்தால் கிடாரம் தானாகச் சரிந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நாங்கள் நேரில் கண்டோம்.' கீழே மூன்று பெண்களின் ஒப்பம் வேண்டும். இரண்டு பேர் ஏற்கெனவே பெருவிரல் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டியிருக்கவும் மாட்டார்கள்.

"கண்மணி அக்காவும் பாத்தாங்கதானே வாப்பா. அவங்கக்கிட்டக் கேட்டீங்களா?"

"ஊர்ப் பிரச்சினைக்கு வேறாக்கள்ற சாட்சி எதுக்கு?" என்றார் வாப்பா.

உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒனக்குப் பேசி வெச்ச கலியாணம் மகள். காக்காட பேரு கெட்டா ஆரு வருவாங்க? மாமிக்கு நாங்க செய்வம். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பாப்பம். வெச்சிடு."

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவள். தாளை வாங்கி முழுக்க வாசித்தேன். வாசித்துவிட்டு 'சித்தி ஹாஜரா' என்று தெளிவாக எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை.

இன்று மேடைகளில் பாசம், ஒற்றுமை, தமிழரும் நாங்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்று கதைக்கிறார்கள். எண்பத்தைந்துக் கலவரத்துக்குப் பிறகு கண்மணி அக்கா எங்கள் ஒழுங்கைக்குத் தயிர் கொண்டுவருவதில்லை என்று உம்மா எழுதினார், ஏதோ வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்ட மாதிரி. அதற்கு நான்கு வருடம் முன்பே, உண்மையைக் கண்ட ஒரு பெண்ணை வேறாள் என்று சொல்லித் தள்ளிவைத்தவர்கள் நாங்கள்.

8

மாமியின் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று கேள்விப்பட்டேன். அகப்பை பிடிக்க ஏலாது, மாப் பிசைய ஏலாது. கலியாண வீடுகள் வேறு ஆளைத் தேடிக்கொண்டன. அடுத்த நோன்புக்குப் பள்ளிக் கஞ்சி யார் காய்ச்சினார்களோ தெரியவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பௌசியா படிப்பை விட்டாள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கணக்குப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஆள். நான் பார்த்து எழுதியது அவளைப் பார்த்துத்தான்.

உம்மா சொன்ன அந்தக் கலியாணம் எனக்கு நடந்தது. விமானம் ஏறினேன். மாமியிடம் பயணம் சொல்லப் போகவில்லை.

அடுத்த வருடம் காக்காவையும் குடும்பத்தையும் இங்கே எடுப்பித்தது என் கணவர்தான். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: விண்ணப்பதாரர் எப்போதாவது எவருக்காவது காயம் விளைவித்த குற்றத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறாரா? கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கேட்டார். நான் "இல்லை" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்குப் பழக்கம் வந்திருந்தது.

9

மலர் வந்த கிழமை காக்காவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நஸ்ரினுக்கு இப்போது பத்து வயது முடிந்துவிட்டது. அவளும் என் மகளும் மேலே விளையாடப் போனார்கள். மேசையில் மலர் கிடந்தது.

"வாசிச்சியா தங்கச்சி? எல்லாரும் நல்லாயிரிக்கெண்டு சொன்னாங்க."

"மாமிட கைக்கு என்ன நடந்தெண்டு ஏன் எழுதல்ல?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். என் கணவர் முன்னறையில் இருந்தார். "அதெல்லாம் மலருக்கு எழுதிற கதையா?"

"நீங்க அந்தச் சோத்த ஒரு நாளாவது திண்டீங்களா காக்கா?"

அவர் மலரை எடுத்துப் புரட்டினார்.

"நாவில நிக்கிதெண்டு எழுதியிரிக்கீங்க. எந்தச் சோறு நிக்கிது?"

"அது வாலிபம். வெளங்காம செஞ்ச வேல. நான் அல்லாஹ்கிட்ட தவ்பா செஞ்சி மன்னிப்புக் கேட்டிட்டன்."

"அல்லாஹ்கிட்டச் செஞ்சது சரி. மாமிக்கிட்ட?"

"இப்ப அதக் கிண்டி என்ன வரப்போகுது?" குரலைத் தாழ்த்தினார். "நீயும்தானே ஒப்பம் வெச்ச."

என் வாயை அடைக்கச் சொன்ன சொல். உண்மைதான். எத்தனையோ வருடமாக என் வாயை அடைத்து வைத்திருந்ததும் அதுதான். ஆனால் அன்று அதை அவர் வாயால் கேட்டதும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஓம், வெச்சன்" என்று சத்தமாகச் சொன்னேன். கணவர் எழுந்து வந்தார். பிள்ளைகள் படியில் இறங்கி வந்தார்கள்.

யாரோடு கோபம் என்று நஸ்ரின் ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழை மெதுவாகக் கதைத்தால் அவளுக்கு விளங்கும். கோபத்தில் கதைத்தால் விளங்காது. அதனால் எனக்குத் தெரிந்த குசினி ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு நிகழ்காலம் மட்டும்தான் தெரியும். புயல் அடிக்கிறது. ஒரு பெண் குழந்தையை நெஞ்சில் கட்டுகிறாள். குழந்தை சாகவில்லை. அந்தப் பெண் சோறு ஆக்குகிறாள். உன் வாப்பா வருகிறார். உன் வாப்பா கிடாரத்தைத் தள்ளுகிறார். அவளுடைய கை வேகிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் தாளில் பொய் எழுதுகிறேன்.

"எந்தக் குழந்தை?" என்று கேட்டாள்.

"நீ."

அவள் தன் வாப்பாவைப் பார்த்தாள். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். நஸ்ரின் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பெண்ணின் கை இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு கடிதத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

காக்கா சாப்பிடாமல் எழுந்தார். வாசலில் என் கணவரிடம், "ஒங்கட மனிசிக்கு வாய் கூடிட்டு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

10

அன்றே மாமிக்கு எழுதினேன். நடந்தது, நான் காக்காவிடம் சொல்லிக் கொடுத்தது, ஒப்பம் வைத்தது, எல்லாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். ஊர் நிலைமையில் கடிதம் போய்ப் பதில் வர இரண்டரை மாதம். பௌசியாவின் கையெழுத்து. குவைத்திலிருந்து வந்து வீட்டில் தையல் தைக்கிறாளாம். உம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தாள்.

"ஒண்ட காக்கா மூணு பேருக்கு முன்னால ஆம்பிளத்தனம் காட்ட வந்தவன். அவன நான் எப்பவோ கணக்கில இரிந்து எடுத்திட்டன். நீ எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவ. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கக்குள்ள அந்தத் தாள எனக்கு வாசிச்சிக் காட்டினாங்க. ஒண்ட பேரு வந்த எடத்தில நான் கண்ண மூடிட்டன். கை எரிஞ்சதவிட அது எரிஞ்சிது. எனக்கு மன்னிப்பும் வேணாம், ஒண்ட கண்ணீரும் வேணாம். அந்தத் தாள் பொய்யெண்டு பள்ளிக்கு எழுது. நான் மௌத்தாப் போறதுக்கு முந்தி ஊரு கேக்கட்டும்."

பள்ளிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். கண்டதைக் கண்டபடி, பெயர்களோடு. பதில் தட்டச்சில் வந்தது. கலவர காலத்தில் பழைய ஆவணங்கள் அழிந்துவிட்டன. இல்லாத ஆவணத்தைத் திருத்த முடியாது. ஊரின் ஒற்றுமையை முன்னிட்டுப் பழையவற்றைக் கிளறாமல் இருப்பது சகலருக்கும் நல்லது. அன்புள்ள சகோதரி என்று தொடங்கியிருந்தார்கள், என்னைச் சகோதரி என்று. பொய்யைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவர்கள், ஒற்றுமையைப் பற்றி எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

நான் எழுதியதன் பிரதியையும், அவர்கள் பதிலையும் பௌசியாவுக்கு அனுப்பினேன்.

போன கிழமை அவளுடைய கடிதம் வந்தது. பள்ளியில் வாசிக்க விடமாட்டார்கள் என்று மாமிக்குத் தெரியும். அதனால் கரைவலை இழுக்கிற நேரம் பார்த்து, காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறார். மீன் வாங்க ஊரே அங்கேதான் நிற்கும். மாமி ஒரு தோணியின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானைக்குள் எப்போதும் மறைத்து வைத்திருக்கும் கைகளை வெளியே எடுத்து மடியில் வைத்தாராம். "வாசி" என்றாராம்.

நான் பள்ளிக்கு எழுதிய கடிதத்தைப் பௌசியா முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். அன்று காக்காவோடு வந்த மூன்று பேரில் ஒருவர் மீன் பையோடு அங்கே நின்றார். பாதியில் போய்விட்டார். "எட்டு வருசத்துக் கதைய இப்ப என்னத்துக்கு?" என்று யாரோ சொன்னார்களாம். வலை இழுத்துக்கொண்டு நின்ற ஒருவர், "சத்தம் போடாத, கேளு" என்றாராம். அவர் அன்று தட்டோடு வேலியோரம் நின்ற பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் வாப்பா.

வாசித்து முடித்ததும் பௌசியா தாளை மடித்தாள். மாமி அவளுடைய கையைத் தட்டினார்.

"பேர இன்னொருக்கா வாசி."

"ஆர்ர பேர உம்மா?"

"ரெண்டு பேர்ரயும்."

பௌசியா தாளை மறுபடி விரித்து, கடல் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும்படி காக்காவின் பெயரையும் என் பெயரையும் வாசித்தாள்.